மணிக்கட்டில் ஒரு கேள்வித்தாள்: திறன் கடிகார அறிவிப்புகள் வளர்ந்த கதை



புறவயக் கேள்வி ஒன்றை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேள்வியைக் காட்டிலும் அதன் கீழே வைக்கும் நான்கு விடைகளை எழுதுவதே பெரும்பாடு. அந்த நான்கினுள் அடங்காத ஒன்றை மாணவன் நினைத்தாலும் அதனைச் சொல்வதற்கு அவனுக்கு இடமில்லை. விடைகளை எழுதுகின்றவரே, மாணவன் எதைச் சொல்லலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்.

அத்தகைய கேள்வித்தாள் ஒன்று இன்று பலருடைய மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. திறன் கடிகாரம் மெல்ல அதிர்கிறது. 'கூட்டம் மாலை 4 மணிக்கு. வருவீர்களா?' என்று ஒரு வரி தோன்றுகிறது. அதன் கீழே இரண்டு மூன்று பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் போதும், விடை போய்ச் சேர்ந்துவிடும். கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. இதனை ஊடாடும் அறிவிப்பு என்று அழைக்கின்றனர். அந்தப் பொத்தான்கள் எத்தனை இருக்க வேண்டும், அவற்றில் என்ன எழுதியிருக்க வேண்டும், எது மேலே நிற்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் எங்கோ அமர்ந்திருக்கும் வடிவமைப்பாளர் ஒருவர் நமக்காக முடிவு செய்திருக்கிறார். வெறும் மணியோசையாக இருந்தது கேள்வியாக மாறியது எப்படி? இக்கட்டுரையில் அந்த வரலாற்றைத்தான் எழுத விழைகிறேன். நம் மாணாக்கர் பலர் இக்கடிகாரங்களை அணிந்துகொண்டே வகுப்பறைக்குள் நுழைகின்றனர். ஆகவே, இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது.

மறுமொழிக்கு வழியில்லாத காலம்

1990ஆம் ஆண்டுகளில் பேஜர் வைத்திருந்தோரை உங்களுக்கு நினைவிருக்கிறதா? இடுப்பு வாரில் செருகியிருக்கும் சிறு கருவி. ஒலி எழுப்பும், சிறு திரையில் ஒரு தொலைபேசி எண் தெரியும். உடனே சில்லறைக் காசைக் கையில் எடுத்துக்கொண்டு பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடவேண்டும். அழைக்க மட்டுமே தெரிந்த கருவி அது. நாம் மறுமொழி கூறுவதற்கு அதில் வாயில் ஏதுமில்லை.

அந்நாளைய கடிகாரங்களின் நிலையும் அதுவே. சீக்கோ நிறுவனம் பண்பலை வானொலி அலைவழியே செய்தி பெறும் கடிகாரத்தை 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்றது. 1994இல் டைமெக்ஸ் நிறுவனம் மைக்ரோசாப்டுடன் இணைந்து 'டேட்டாலிங்க்' என்னும் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. இதன் செயல்முறை இன்றைக்கும் வியப்பூட்டக்கூடியது. கணினியின் பழைய கண்ணாடிக் குழாய்த் திரைக்கு முன்னால் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் கோடுகள் மின்னி மின்னி மறையும். கடிகார முகப்பில் உள்ள ஒளியுணரி அந்த மின்னலைப் படித்துச் சந்திப்பு நேரங்களையும் தொலைபேசி எண்களையும் பதிந்துகொள்ளும். கம்பி இல்லை, வானொலி இல்லை, ஒளியே தபால்காரர்! குறித்த வேளை வந்ததும் கடிகாரம் ஒலியெழுப்பி நினைவூட்டும். நாசாவின் விண்வெளி வீரர்களும் இதனை அணிந்திருக்கின்றனர். ஆனால், கணினியிலிருந்து கடிகாரத்திற்கு மட்டுமே செய்தி பாய்ந்தது. எதிர்த்திசையில் ஓர் எழுத்துகூடத் திரும்பிச் செல்லவில்லை.

அடுத்த பெருமுயற்சியும் மைக்ரோசாப்டினுடையதே. 2002 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரின் காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் 'ஸ்பாட்' என்னும் தொழில்நுட்பத்தை அறிவித்தார். 2004இல் பாசில், சூந்தோ முதலிய நிறுவனங்களின் பெயரில் அக்கடிகாரங்கள் கடைக்கு வந்தன. வானிலை, பங்கு விலை, விளையாட்டுச் செய்தி, நண்பர் அனுப்பும் சிறு செய்தி ஆகிய அனைத்தும் பண்பலை வானொலி வழியே வந்து இறங்கும். இதற்கு ஆண்டுக் கட்டணம் 59 டாலர். பணம் கட்டிச் செய்தி பெற்றவர், அச்செய்திக்கு 'சரி' என்ற ஒரு சொல்லைக்கூடத் திருப்பி அனுப்ப இயலவில்லை. வானொலிப் பெட்டியிடம் நாம் பேச முடியாதல்லவா? 2008இல் அக்கடிகாரங்களின் உற்பத்தி நின்றது. 2012 சனவரி முதல் நாளோடு ஒலிபரப்பும் அடங்கியது. கட்டணமும் அடிக்கடி மின்னூட்டம் செய்ய வேண்டிய தொல்லையுமே அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்பார் உளர். என் பார்வையில், கேட்க மட்டும் செய்யும் கருவியை நெடுநாள் கையில் கட்டிக்கொண்டிருக்க மக்களுக்குப் பொறுமை இல்லாமல் போனதும் ஒரு காரணமாகும்.

இவற்றுக்கிடையே, ஆரவாரமின்றி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2006இல் சோனி எரிக்சன் நிறுவனமும் பாசிலும் சேர்ந்து 'எம்பிடபிள்யூ-100' என்னும் கடிகாரத்தை வெளியிட்டன. பார்ப்பதற்கு முள் உள்ள சாதாரணக் கடிகாரம். முகப்பின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு சிறு ஒளித்திரை. கைப்பேசிக்கு அழைப்பு வந்தால் புளூடூத் வழியே கடிகாரம் அதிரும். அழைப்பவர் யார் என்று திரை காட்டும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் மணியோசை அடங்கும் அல்லது அழைப்பே துண்டிக்கப்படும். அவ்வளவுதான். எனினும், மணிக்கட்டுக்கு வந்த அறிவிப்பு ஒன்றுக்கு மணிக்கட்டிலிருந்தே விடை சென்றது இங்கேதான் பலருக்கும் அறிமுகமானது. அந்த முதல் விடை 'மாட்டேன்' என்பதாக அமைந்தது ஒரு சுவையான செய்தி!

256 பைட்டுக்குள் ஒரு செய்தி

கடிகாரத்தின் கதையைத் தொடருமுன் கைப்பேசியின் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். கடிகாரத்தில் தோன்றும் அறிவிப்புகளுள் பெரும்பாலானவை கைப்பேசியில் பிறந்தவையே.

2008 சூனில், செயலிகளுக்கான அறிவிப்புச் சேவையைச் செப்டம்பருக்குள் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. சொன்ன நாளில் தர இயலவில்லை. 2009 சூனில்தான் ஐபோனின் மூன்றாம் பதிப்பு மென்பொருளோடு அச்சேவை வந்தது. ஓர் அறிவிப்பு 256 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்பது அதன் கட்டுப்பாடு. தமிழாசிரியர் என்ற முறையில் இந்த எண்ணை நான் கடந்துபோக முடியவில்லை. யூடிஎப்-8 என்னும் குறியாக்க முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'வணக்கம்' என்னும் சொல் நமக்கு ஐந்து எழுத்து. கணினியோ மெய்யெழுத்தின் புள்ளியையும் தனிக் குறியீடாக எண்ணுவதால் அதற்கு ஏழு குறியீடுகள், ஆக 21 பைட்டுகள். அறிவிப்பின் மேலுறைக்கே குறைந்தது 20 பைட்டுகள் போய்விடும். எஞ்சிய 236இல் 78 தமிழ்க் குறியீடுகளுக்குமேல் அடங்கா. உயிர்மெய் எழுத்துகளுள் பல இரண்டு குறியீடுகளால் ஆனவை என்பதனையும் சேர்த்துக்கொண்டால், ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் ஏடு தீர்ந்துவிடும்! தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு இந்த நெருக்கடி புதிதன்று. ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்றால் தமிழுக்கு 70தான் என்பதனை நாம் முன்னரே பட்டறிந்தவர்கள். பிற்பாடு ஆப்பிளின் அளவு 2014இல் 2 கிலோபைட்டாகவும், 2015இல் 4 கிலோபைட்டாகவும் உயர்ந்தது.

அக்காலத்தில் அறிவிப்பு என்பது தலைப்புச் செய்தி மட்டுமே. அதனைத் தொட்டால் செயலி திறக்கும், மற்றவையெல்லாம் செயலிக்குள்தான். 2012இல் வெளியான ஆண்டிராய்டு 4.1 இந்நிலையை மாற்றியது. அறிவிப்பின் கீழேயே மூன்று பொத்தான்கள் வரை வைக்கலாம் என்றாயிற்று. 2014 செப்டம்பரில் ஐபோனின் எட்டாம் பதிப்பும் அவ்வழியே வந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஐபோனில் செயலியை எழுதுகின்றவர், தம் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய பொத்தான்களை முன்னதாகவே பதிந்து வைத்துவிட வேண்டும். பின்னர் வரும் அறிவிப்பு தன் வகையின் பெயரை மட்டும் சுமந்து வரும். கேள்வி பிறப்பதற்கு முன்னரே விடைகள் அச்சாகிவிடுகின்றன என்று இதனைக் கூறலாம்.

சரியா, பிழையா?

கனடாவைச் சேர்ந்த எரிக் மிஜிகோவ்ஸ்கி என்னும் இளைஞர், பிளாக்பெரி கைப்பேசிக்குத் துணையாக 'இன்பல்ஸ்' என்ற கடிகாரத்தை முன்னரே செய்து பார்த்தவர். 2012 ஏப்ரல் 11ஆம் நாள் 'பெபிள்' என்னும் புதிய கடிகாரத்திற்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார். கேட்டது 1 இலட்சம் டாலர். மே மாதத்தில் கணக்கை முடித்தபோது 68,929 பேர் தந்திருந்த தொகை 1 கோடியே 2 இலட்சம் டாலருக்கும் மேல். 2013 சனவரியில் கடிகாரங்கள் அனுப்பப்பட்டன.

பெபிளின் திரை 144க்கு 168 புள்ளிகள் மட்டுமே. தொடுதிரை இல்லை. இடப்புறம் ஒன்றும் வலப்புறம் மூன்றுமாக நான்கு பொத்தான்கள். இதனைக் குறை என்று எண்ணியோர் பலர். எனக்கோ அது நிறைவாகவே தோன்றுகிறது. கண்ணால் பாராமலே விரலால் தடவி அழுத்தக்கூடிய பொத்தான், கையில் பை சுமந்து நடப்பவருக்கும் மழையில் நனைந்த விரலுக்கும் தொடுதிரையைவிட உண்மையானது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஐபோனில் வரும் எல்லா அறிவிப்புகளையும் பெபிள் போன்ற வெளிக் கருவிகள் பெறுவதற்கான வழியை ஆப்பிள் 2013இல், ஏழாம் பதிப்பில்தான் திறந்துவிட்டது. பெறலாம், விடையளிக்க முடியாது. அடுத்த ஆண்டு எட்டாம் பதிப்பில் விடையளிக்கவும் இடம் தந்தது. எத்தனை விடைகள் தெரியுமா? இரண்டே இரண்டு: ஏற்பு ஒன்று, மறுப்பு ஒன்று. அழைப்பு வந்தால் எடுக்கலாம் அல்லது துண்டிக்கலாம். முதலாம் ஆண்டு மாணவனுக்கு நாம் தரும் சரியா பிழையா கேள்வியைப் போன்றதுதான் இது. ஆண்டிராய்டிலோ, 4.3ஆம் பதிப்பு வந்த 2013 முதலே, பயனர் அனுமதித்தால் வெளிச் செயலி ஒன்று எல்லா அறிவிப்புகளையும் படிக்கலாம். அவற்றோடு வரும் பொத்தான்களையும் இயக்கலாம். ஒரே பெபிள், எந்தக் கைப்பேசியோடு சேர்கிறதோ அதற்கேற்ப வாய் திறந்தும் வாய் மூடியும் இருந்தது. கடிகாரத்தின் நாவு கைப்பேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காலம் வேறில்லை.

2013 செப்டம்பரில் சாம்சுங் நிறுவனம் வெளியிட்ட 'கேலக்சி கியர்' இன்னொரு பாடம். விலை உயர்ந்த கருவி, வண்ணத்திரை, படம் பிடிக்கும் கண்ணாடிகூட உண்டு. ஆயினும் தொடக்கத்தில், சாம்சுங்கின் சொந்தச் செயலிகள் தவிர்த்த மற்றவற்றிலிருந்து மின்னஞ்சல் முதலியன வந்தால், 'உங்களுக்கு ஒன்று வந்துள்ளது. கைப்பேசியில் பார்த்துக்கொள்க' என்ற அளவிலேயே அது நின்றுவிட்டது. கைப்பேசியைப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு கடிகாரமா என்று விமர்சகர்கள் கேலி செய்தனர். பின்னர் மென்பொருளைப் புதுப்பித்து அக்குறையைக் களைந்தனர்.

எழுதியது ஒன்று, அணிந்தது இரண்டு

2014 மார்ச் 18ஆம் நாள் கூகுள் 'ஆண்டிராய்டு வேர்' என்னும் கடிகார மென்பொருளை அறிவித்தது. அதன் முதற்கடிகாரங்கள் அவ்வாண்டின் சூன் மாத இறுதியில் வந்தன. கூகுளின் அணுகுமுறை எளிமையானது. செயலியை எழுதியவர் கடிகாரத்துக்கென்று தனியே எதுவும் செய்யாவிட்டாலும், அவருடைய கைப்பேசி அறிவிப்பு தானாகவே கடிகாரத்திற்குப் பாலம் ஏறி வந்துவிடும். திரையை இடப்பக்கம் தள்ளினால் கைப்பேசி அறிவிப்பில் இருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு முழுத்திரையாகத் தோன்றும். இறுதியில், 'கைப்பேசியில் திற', 'இச்செயலியைத் தடை செய்' என்பன நிற்கும். தடை செய்யும் பொத்தானை அத்தனை அருகில் வைத்தமைக்காகவே அவ்வடிவமைப்பாளர்களைப் பாராட்டலாம். ஓயாமல் தொல்லை கொடுக்கும் செயலியின் வாயை, தொல்லை நேர்ந்த இடத்திலேயே அடைத்துவிடலாமே!

வாயால் சொல்லி மறுமொழி அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. பொது இடத்தில் மணிக்கட்டை நோக்கிப் பேசுவதற்குக் கூச்சப்படுவோர்க்காக, ஐந்து வரை ஆயத்த விடைகளைச் செயலியர் வழங்கலாம் என்றும் வைத்தனர். இன்னொன்றும் செய்தனர், பலர் கவனிக்காமல் விடுவது இதுதான். கடிகாரத்தில் ஓர் அறிவிப்பைத் தள்ளிவிட்டால் கைப்பேசியிலும் அது மறைந்துவிடும். ஒரே செய்திக்கு இருமுறை தலையசைக்க வேண்டியதில்லை.

கை தாழ்ந்தால் மறையும் செய்தி

ஆப்பிள் தன் கடிகாரத்தை 2014 செப்டம்பர் 9ஆம் நாள் காட்டியது. 2015 ஏப்ரல் 24இல் விற்பனை தொடங்கியது. மென்பொருள் பணிக்குத் தலைமை ஏற்றவர், அடோபி நிறுவனத்திலிருந்து வந்த கெவின் லிஞ்ச். அவருடைய குழுவினர் தொடக்க மாதிரிகளைக் கையில் கட்டிப் பார்த்தபோது, அரை நிமிடம் கையைத் தூக்கிப் பிடித்தாலே வலிப்பதை உணர்ந்தனர். எனவே ஒரு செயல் ஐந்து, பத்து நொடிகளில் முடிந்துவிட வேண்டும் என்று அளவை இறுக்கினர். வகுப்பில் கையை உயர்த்திக்கொண்டே நிற்கச் சொல்லி அந்நாளில் நமக்குத் தண்டனை கொடுத்தார்களே, அந்த வலிதான் இந்த வடிவமைப்பின் அளவுகோல்.

அதிலிருந்து பிறந்தது 'குறும்பார்வை', 'நெடும்பார்வை' என்னும் இருநிலை முறை. கடிகாரம் மணிக்கட்டைத் தட்டுகிறது. கையை உயர்த்தினால் முதலில் செயலியின் சின்னமும் பெயரும் ஒரு தலைப்பும் மட்டுமே தெரியும். உள்ளடக்கம் தெரியாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும் நம் அந்தரங்கம் வெளியாகாது. கையை உடனே தாழ்த்திவிட்டால் அறிவிப்பு ஒதுங்கிவிடும். படிக்காத செய்தியாகவே பின்னர் காத்திருக்கும். கையைத் தாழ்த்தாமல் சிறிது நேரம் வைத்திருந்தால், 'இவர் படிக்க விரும்புகிறார்' என்று கடிகாரம் புரிந்துகொண்டு நெடும்பார்வையைத் திறக்கும். முழுச் செய்தியும் அதன் கீழே நான்கு பொத்தான்கள் வரையும் அப்போதுதான் தோன்றும். யாவற்றுக்கும் அடியில், விலக்குவதற்கான பொத்தான் ஒன்று கட்டாயம் இருக்கும். அதனைச் செயலியர் நீக்க இயலாது.

ஆம், நான்கு! புறவயக் கேள்வியின் அ, ஆ, இ, ஈ. ஐந்தாவதாக, 'விடையளிக்க விருப்பமில்லை'. நம் தேர்வுத் தாள்களில் இந்த ஐந்தாவது இல்லை என்பதனைச் சிரிப்போடு குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

பொத்தான்களும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில தொட்டவுடன் பின்னணியில் வேலையை முடித்துவிடும். திரையில் எதுவும் திறவாது. சில, செயலியையே திறந்துவிடும். அழிக்கும் தன்மையுள்ள பொத்தான் சிவப்பில் இருக்கும். மற்றொரு ஏற்பாடும் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். நெடும்பார்வைக்கு இரண்டு வடிவங்களைச் செயலியர் ஆயத்தம் செய்யலாம். ஒன்று அழகானது, மாறக்கூடியது. மற்றொன்று எளியது, மாறாதது, இது கட்டாயம். அழகான வடிவம் உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் எளிய வடிவம் தோன்றும். மின்சாரம் போனாலும் பாடம் நடத்த ஒரு படஅட்டையைப் பையில் வைத்திருப்போமே, அதைப் போன்றது.

தட்டுகின்ற அந்த அதிர்வுக்கே பல மாதிரிகள் செய்து பார்த்தனர். சில எரிச்சலூட்டின, சில உறைக்கவே இல்லை, சில பூச்சி ஊர்வது போலிருந்தனவாம். ஆனால், எவ்வளவு மென்மையாகத் தட்டினாலும் கவனம் சிதறாமல் போகுமா? அதே 2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கவனத்தைச் செலுத்திச் செய்ய வேண்டிய பணியில் ஈடுபட்டவர்களின் கைப்பேசிக்கு அறிவிப்புகளை அனுப்பினர். அவர்கள் கைப்பேசியைத் தொடவில்லை, திரையைப் பார்க்கவுமில்லை. அறிவிப்பு வந்ததை உணர்ந்ததனாலேயே அவர்களின் பணியில் பிழை மிகுந்தது. 'நான் பார்க்கவே இல்லையே, ஐயா' என்று மாணவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவன் மனம் பார்த்துவிட்டது என்பதும் உண்மையே.

யாருடைய சொல்?

விடைகளை மனிதர் எழுதியதுபோய், இயந்திரம் எழுதத் தொடங்கிய கதைக்கு வருகிறேன். 2015 நவம்பரில் கூகுள் தன் 'இன்பாக்ஸ்' மின்னஞ்சல் செயலியில், வந்த மடலைப் படித்து மூன்று குறு விடைகளைத் தானே முன்மொழியும் வசதியைக் கொண்டுவந்தது. அதன் முன்மாதிரி, வந்த மடல் எதுவாயினும் 'நான் உங்களை நேசிக்கிறேன்' என்ற விடையை அடிக்கடி பரிந்துரைத்ததாம். அலுவலக மடலுக்கும் அதே விடை! காரணம் எளிது. அத்தொடர் மக்கள் எழுதும் மறுமொழிகளில் மிகுதியாக வருவது. எந்த மடலுக்கு எது பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாதபோது, இயந்திரம் அதிகம் புழங்கும் தொடரைப் பிடித்துக்கொண்டது. பின்னர் அதனைத் திருத்தினர். 2017 பிப்ரவரியில் ஆண்டிராய்டு வேர் இரண்டாம் பதிப்பில் இவ்வசதி கடிகாரத்துக்குள்ளேயே வந்தது. செய்தியை வெளியே எங்கும் அனுப்பாமல், மணிக்கட்டில் உள்ள சிறு சில்லே விடைகளைத் தேர்ந்தெடுத்தது. இவ்வளவு சிறிய இடத்தில் அதனைச் செய்து காட்டியது அரிய தொழில்நுட்பச் சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும், மொழியாசிரியர்களாகிய நாம் வேறொரு கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. 'பாட்டிக்கு உடம்பு சரியில்லை' என்று அம்மா அனுப்பிய செய்திக்குக் கீழே மூன்று பொத்தான்கள். அவற்றுள் ஒன்றைப் பிள்ளை தொட்டுவிடுகிறான். மறுமொழி உடனே போய்விட்டது. பண்பாகவும் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தேடி அவன் ஒரு நொடியேனும் தன் மனத்துக்குள் போகவில்லை. வாழ்த்து மடல், இரங்கல் மடல், நன்றி மடல் என்று நாம் கட்டுரைப் பயிற்சியில் தனித்தனியே கற்பிப்பதெல்லாம் அந்தத் தேடலைத்தானே?

மௌனமும் ஒரு விடை

2018இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, ஆப்பிளின் கடிகார மென்பொருள் ஐந்தாம் பதிப்பில், அறிவிப்பே சிறு செயலியைப்போல ஆயிற்று. அதற்குமுன் அறிவிப்பின் உட்பகுதியைத் தொட்டால் செயலி திறக்கும், அவ்வளவே. இப்போது அறிவிப்புக்குள்ளேயே எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், தெரிவு செய்யலாம். வாகன நிறுத்தக் கட்டணத்தின் நேரத்தை நீட்டிப்பதும் உணவகத்தில் பதிவு செய்த இருக்கையை மாற்றுவதும் அறிவிப்பை விட்டு வெளியேறாமலே இயலும் என்றாயிற்று.

இரண்டாவது மாற்றம், என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றிலேயே மிக ஆழமானது. அவ்வாண்டு வந்த நான்காம் தலைமுறைக் கடிகாரம், அணிந்தவர் பலமாகக் கீழே விழுந்தால் அதனை உணர்ந்துகொள்ளும். மணிக்கட்டைத் தட்டி, ஒலியெழுப்பி, 'பலமாக விழுந்துவிட்டது போல் தெரிகிறதே' என்று வினவும். திரையில் இரண்டு விடைகள். 'நலமாக இருக்கிறேன்' என்பதனைத் தொட்டால் போதும். அவசர உதவியை அழைப்பதற்கு மட்டும் ஒரு தாழ்ப்பாளைப்போல இழுக்க வேண்டும். தவறுதலாக விரல் பட்டு மருத்துவ ஊர்தி வந்து நிற்கக் கூடாதல்லவா?

அணிந்தவர் இரண்டையும் தொடவில்லை என்றால்? அதுவரை வந்த எல்லா அறிவிப்புகளுக்கும், விடையில்லை என்றால் ஒன்றும் நடவாது என்பதே விதி. இங்கே அவ்விதி தலைகீழாகிறது. அவர் சுமார் ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடந்தால், கடிகாரம் வரவர உரத்த ஒலியோடு எண்ணத் தொடங்கும். எண்ணி முடிந்ததும் தானே அவசர உதவியை அழைக்கும். அவர் குறித்து வைத்துள்ள உறவினருக்கும் இருக்குமிடத்தைச் செய்தியாக அனுப்பும். விடை சொல்ல இயலாதவரின் மௌனத்தையே விடையாகக் கொண்ட முதல் கேள்வித்தாள் இதுவாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவர் அசைந்தாலோ, உடனே அழைத்துவிடாமல் விடைக்காகக் காத்திருக்கும். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பேசாமல் நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறோம். தெரியாததால் பேசவில்லையா, அச்சத்தால் பேசவில்லையா, உடல்நலமின்றிப் பேசவில்லையா என்று பிரித்தறிவது நம் பணியிலும் கடினமானதே.

பள்ளி தொடர்பான ஏற்பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் வந்த ஏழாம் பதிப்பில், பிள்ளைகளின் கடிகாரத்தைப் பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்து நிருவகிக்கும் முறையோடு 'பள்ளி நேரம்' என்னும் நிலையும் சேர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் கடிகாரம் மஞ்சள் வட்டத்துக்குள் மணியை மட்டுமே காட்டும். அறிவிப்புகள் தலைகாட்டா. பிள்ளை விரும்பினால் திருகியைச் சுழற்றி அந்நிலையிலிருந்து வெளியேறலாம். பூட்டு இல்லை. ஆனால், எப்போது வெளியேறினான், எவ்வளவு நேரம் வெளியே இருந்தான் என்னும் குறிப்பு பெற்றோரின் கைப்பேசிக்குப் போய்விடும். கதவைச் சாத்தாமல் வருகைப் பதிவேட்டை மட்டும் வாசலில் வைத்திருக்கும் முறை இது. பூட்டைவிட இது நல்லது என்போர் உளர். பிள்ளையைக் கண்காணிப்பதற்குப் பழக்குகிறது என்போரும் உளர். நான் முதலாமவர் பக்கம். வெளியேறும் உரிமையும் அதற்கு விளக்கம் சொல்லும் கடமையும் ஒருசேரப் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. பெற்றோர் அக்குறிப்பை வைத்துக்கொண்டு அன்று மாலை என்ன பேசுகிறார்கள் என்பது வடிவமைப்பாளரின் கையில் இல்லை.

நான்கிலிருந்து ஒன்று

2023இல் இந்த வரலாறு ஓர் எதிர்பாராத திருப்பத்தைக் கண்டது. அவ்வாண்டு வந்த ஒன்பதாம் தலைமுறை ஆப்பிள் கடிகாரத்தில், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இருமுறை சேர்த்துத் தட்டினாலே அறிவிப்புக்கு விடையளிக்கலாம். மற்றொரு கை தேவையில்லை. கடிகாரத்தில் உள்ள அசைவுணரிகளும் இரத்த ஓட்டத்தை அளக்கும் உணரியும் மணிக்கட்டில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு அதனை அறிகின்றன. இதற்கு முன்னோடி, 2021இல் கை கால் இயக்கக் குறைபாடுடையோர்க்கென ஆப்பிள் வெளியிட்ட வசதியே. மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்த ஒன்று பின்னர் அனைவருக்கும் பயன்பட்டிருக்கிறது. 2025இல் வந்த மென்பொருள், மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினால் அறிவிப்பை விலக்கும் சைகையையும் சேர்த்தது.

ஒரு சைகைக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். ஆகவே, இருமுறை தட்டினால் எந்தப் பொத்தான் அழுத்தப்பட வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். 2024இல் வந்த பதினோராம் பதிப்பு முதல், வெளிச் செயலியர் தத்தம் செயலியில் அந்த முதன்மைப் பொத்தானைத் தாமே குறித்துக்கொள்ள ஆப்பிள் இடம் தந்திருக்கிறது. ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு எடுத்த முடிவுகளைப் பார்த்தால், அழைப்பு வந்தால் எடுப்பது. செய்தி வந்தால் மறுமொழி சொல்லத் தொடங்குவது.

காலையில் எழுப்பும் மணிக்கு எதைத் தேர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'நிறுத்து' என்பது ஒரு விடை. 'சற்றுக் கழித்து எழுப்பு' என்பது மற்றொரு விடை. விரல்களை இருமுறை தட்டினால் இரண்டாவதே நடக்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளையின் விரல் தவறுதலாகத் தட்டிவிட்டாலும் 9 நிமிடங்களில் கடிகாரம் மீண்டும் எழுப்பும். முதல் விடையை வைத்திருந்தால், பள்ளிப் பேருந்து போயிருக்கும்.